உயரம் மாறும் மேசை: ஒரே பந்தியில் அமர ஒரு வழி

புது தில்லி: ஜனக்புரியில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்கக வீடுகள் பலவற்றில் கூடமே உணவறை, அதுவே பிள்ளைகளின் படிப்பறை, விருந்தினர் வந்தால் வரவேற்பறை. அங்குள்ள மேசை மட்டும் ஒரே உயரத்தில் நிற்கிறது.

சாப்பாட்டு மேசையின் வழக்கமான உயரம் சுமார் 75 செ.மீ. தரையில் சம்மணமிடுவோருக்கு 35 செ.மீ. போதும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ, முழங்கால் நுழைய ஏறக்குறைய 70 செ.மீ. வெற்றிடம் வேண்டும், பலகைக்கு அடியிலுள்ள சட்டம் அதை மறித்துவிடுகிறது. தாத்தாவின் தட்டு தனியறைக்குச் செல்வது இப்படித்தான்.

தீர்வு புதிதல்ல. கச்சேரி மேடையின் மைக் ஸ்டாண்டில் குழாய்க்குள் குழாய் நழுவி, திருகியதும் இறுகி நிற்கிறதே, அதே முறைதான். ஆனால், நான்கு கால்களையும் தனித்தனியே இறக்கினால் சாம்பார் முதலில் இறங்கிவிடும்! இஸ்திரிப் பலகையின் கத்தரிக்கால் பலகையைச் சமமாகத் தாழ்த்தும். எனினும், குறுக்கே செல்லும் அதன் கால்கள் சக்கர நாற்காலியைத் தடுக்கும். எனவே, இரு ஓரங்களில் மட்டும் கால் வைத்து, இரண்டையும் ஒரே கைப்பிடியால் உயர்த்தும் அமைப்பே பொருத்தமானது. மேற்கு தில்லியிலேயே உள்ள கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தையில் தச்சரும் வெல்டரும் சேர்ந்தால் ஆகாத வேலையல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அணுகல் தரங்களைக் கட்டாயமாக்கும் விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் உத்தரவிட்டது. வீட்டு மேசை வரை சட்டம் வராது. ஆனால், திருமணமும் குடியிருப்போர் கூட்டமும் நடைபெறும் சமுதாயக் கூடங்களுக்கு மேசை வாங்கும்போது, ஒப்பந்தப்புள்ளியில் 'உயரம் மாற்றத்தக்கது' என்ற ஒரு வரியைச் சேர்க்க மாநகராட்சிக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.