உஷார்! 'கோர்பூட்டை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்' என்று லேப்டாப் வாங்காதீர்கள்

"இப்போதைக்கு வாங்கிவிடுவோம், பயாஸைத் தூக்கிவிட்டுக் கோர்பூட்டை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்" என்று புது லேப்டாப்புக்குப் பணம் கட்டப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 'அப்புறம்' அநேகமாக வராது.

லினக்ஸ் மாதிரி கிடைத்த மெஷினில் எல்லாம் ஏறிவிடும் சரக்கல்ல, பயாஸுக்குப் பதிலாக வரும் திறந்த மூல ஃபர்ம்வேரான கோர்பூட். ஒவ்வொரு மதர்போர்டுக்கும் தனியாக உழைக்க வேண்டும்: மெமரி, ஃபேன், பேட்டரி, கீபோர்டு, மூடியைச் சாத்தினால் ஸ்லீப்புக்குப் போவது வரை. ஆயிரம் லேப்டாப் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். குரோம்புக்குகளுக்குக் கூகுளால் முடிகிறது, எண்ணிக்கை அப்படி. சிஸ்டம்76, ஸ்டார் லேப்ஸ் போன்ற சின்ன கம்பெனிகள் அதைத் தங்கள் சில மாடல்களின் தலையில்தான் கட்ட வேண்டும். பெரிய பிராண்டுகளுக்கு ஏஎம்ஐ, இன்சைட், ஃபீனிக்ஸ் தரும் ரெடிமேட் பயாஸே போதும். மாடலும் சீக்கிரம் மாறிவிடும். இதில் யார் காசு போடுவார்?

ஆர்வலர்கள் சும்மா செய்து தருவார்களே என்பீர்கள். அங்கேதான் பெரிய ஆபத்து. 2013இல் ஹாஸ்வெல் சிப்புகளோடு வந்த இன்டெல் பூட் கார்டைத் தயாரிப்பாளர் முடுக்கிவிட்டால், அவருடைய சாவியின் முத்திரை சிப்செட்டிலேயே எரிக்கப்பட்டுவிடும். அவர் கையெழுத்தில்லாத ஃபர்ம்வேரை மெஷின் ஏற்காது. எரித்ததை அழிக்க முடியாது. 2018இன் திங்க்பேட் டி480க்குக் கோர்பூட்டின் ஒரு வடிவமான லிப்ரேபூட் வந்தது 2024 கடைசியில். அதுவும் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சினில் 2017இல் அம்பலமான ஒரு பாதுகாப்பு ஓட்டையின் புண்ணியத்தில்! அடுத்த மாடலுக்கும் ஓட்டை கிடைக்கும் என்று நம்பியா காசைக் கொட்டுவது?

பழைய திங்க்பேட் எக்ஸ்230இல் கோர்பூட்டை ஏற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயாஸ் சிப்பில் எழுத மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமர் கருவியை அப்படியே மாட்டாதீர்கள். 3.3 வோல்ட் சிப்பின் டேட்டா கால்களுக்கு அது 5 வோல்ட்டை அனுப்பக்கூடியது. பழைய பயாஸை இரண்டு முறை படித்து, இரண்டு நகலும் ஒன்றுதானா என்று பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

வாங்கியே தீருவதென்றால், கோர்பூட்டோடேயே விற்பனைக்கு வருவதை வாங்குங்கள். 'முழுக்கத் திறந்த மூலம்' என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம், புதிய இன்டெல் மெஷின்களில் மெமரியை எழுப்புவது இன்டெல் தரும் எஃப்எஸ்பி என்ற மூடிய நிரல்தான். போலந்தின் 3எம்டெப் கம்பெனி, கோர்பூட்டை வைத்து உருவாக்கிய தன் தஷாரோ ஃபர்ம்வேருக்குச் சந்தா வசூலிக்கிறது. முகம் சுளிக்காதீர்கள், அப்டேட்டுக்குச் சம்பளம் யாராவது கொடுத்தாக வேண்டுமே. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடலுக்குக் கடைசி அப்டேட் எந்த மாதம் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு கார்டை வெளியே எடுங்கள்.