பெருந்துயரும் நாட்டுணர்வும்: அயர்லாந்துப் பஞ்சம் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டு மக்கள் ஒருங்கே உற்ற பெருந்துயர் அவர்தம் அரசியலையும் நாட்டுணர்வையும் உருவாக்கும் என்பர். இஃது உண்மையே. ஆயினும், துயரம் தானே அரசியலாகி விடுவதில்லை. அது முதற்கண் சொல்லாதல் வேண்டும். அதனைச் சொல்பவர் யாவர், எம்மொழியிற் சொல்கின்றனர் என்பனவும் கருதத்தக்கன. இக்கருத்தினை அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின் வாயிலாக ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகை நோய் தாக்கியது. அக்கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த ஏழைக் குடியானவர் நிலைகுலைந்தனர். 1852 வரை நீண்ட பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர்; அத்தொகையினும் மிக்கோர் கடல் கடந்து சென்றனர். 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 66 இலட்சத்திற்கும் கீழாயிற்று.

பயிரை அழித்தது நோய். மக்களை அழித்ததில் ஆட்சிமுறைக்கும் பங்குண்டு. 1847இல் அரசின் கஞ்சித்தொட்டிகள் ஒரு கால் நாள்தோறும் 30 இலட்சம் பேர்க்கு உணவளித்தன. அவற்றின் பயன் கண்கூடாக விளங்கியும் அவ்வாண்டிலேயே அவை மூடப்பட்டன. கால் ஏக்கருக்கு மேல் நிலமுடையார்க்கு அரசின் உதவி இல்லை என்னும் விதியும் அவ்வாண்டே சட்டமாயிற்று. நிலத்தை விட்டால் கஞ்சி, விடாவிடிற் பசி என்னும் நிலையில் குடிகள் நிலமிழந்தனர்.

இத்துயர் இருவகையாகச் சொல்லப்பட்டது. நாடு கடத்தப்பட்ட கிளர்ச்சியாளர் ஜான் மிட்செல், 1861இல் நூலாக வந்த தம் எழுத்தில், பஞ்சம் இங்கிலாந்தின் திட்டமிட்ட செயலே என வாதிட்டார். தானியம் ஏற்றுமதியானது மெய்; 1847இல் இறக்குமதியே மிகுந்ததும் மெய். எனவே இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் அவ்வாதத்தை முழுதும் ஏற்பதில்லை. எனினும் அரசியலிற் பயன் விளைத்தது அவர் கூற்றே. 1858இல் தோன்றிய பீனியர் இயக்கம், கடல் கடந்தோர் மனத்திற் கனன்ற சினத்தால் வளர்ந்தது. 1850இல் தம் குடும்பம் நிலத்தினின்றும் வெளியேற்றப்படக் கண்ட மைக்கேல் டேவிட் 1879இல் நிலக் கழகத்தை நிறுவினார். அடுத்த கால் நூற்றாண்டிற்குள் உழுவார்க்கே நிலம் உரிமையாகும் வழி சட்டத்தாற் பிறந்தது.

மற்றொன்று மக்கள் வழக்கு. ஐரிஷ் மொழியில் பஞ்சத்தைக் குறிக்கும் தொடர் ஒன்று, 'கெட்ட காலம்', 'கெட்ட வாழ்வு' என இருபொருளும் தருவது. பகைவன் பெயரோ பழியோ அதில் இல்லை. 1945இல் அயர்லாந்து நாட்டுப்புறவியல் ஆணையம் முதியோரிடம் கேட்டுத் தொகுத்த செய்திகளில், பிணத்தைக் குழியிலிட்டு மீண்டும் பயன்படுத்திய, அடிப்பலகை திறக்கும் சவப்பெட்டி வருகின்றது. உள்ளதைப் பகிர்ந்தளித்த பெண்டிர் வருகின்றனர். வெளியேறிய அயலான் நிலத்தைக் கவர்ந்துகொண்ட ஊராரும் வருகின்றனர். இந்நாணம் அரசியல் மேடைக்கு ஏற்றதன்று. ஆதலின் அது நெடுங்காலம் வீட்டினுள்ளேயே தங்கிற்று.

ஈண்டு மொழியின் கதியும் நோக்கற்பாலது. பஞ்சம் கொடிதாகத் தாக்கிய மேற்கும் தெற்குமே ஐரிஷ் மொழி செழித்த பகுதிகள். 1851இல் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் அதனைப் பேசினர். 1891இல் அவர் தொகை 7 இலட்சத்திற்கும் குறைந்தது. ஆகவே, பஞ்சத்தை நாட்டின் துயராக உலகறியச் செய்த எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. 1893இல் கேலிக் கழகம் மொழி மீட்சிக்கு முயன்றது. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதல் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கல்விக்கூடத்திற்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 72 ஆயிரவரே.

இவற்றால் யாம் பெறும் முடிபு இது: பஞ்சத்தின் நினைவு ஒரு நாட்டை ஆக்கியது, பஞ்சம் அந்நினைவிற்குரிய மொழியைக் குன்றச் செய்தது. ஆகவே, ஒரு நாட்டின் துயரை ஆராய்வார் மேடையில் ஒலித்த சொல்லோடு அமையாது, வீட்டினுள் அடங்கிய சொல்லையும் தேடிக் கேட்டல் வேண்டும்.