‘யெஸ்’ அழுத்துமுன் யோசியுங்கள்!

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜொகூர்வாசிகள் பலருக்கு இரு நாட்டு வங்கிக் கணக்கும் வீட்டுக் கணினியில்தான். பிள்ளைகளின் விளையாட்டும் அதிலேயா? கவனம்!

இணைய உலாவியில் நாம் சேர்க்கும் நீட்சிகள், அனுமதி பெற்றால், தட்டும் கடவுச்சொல்லையும் படிக்கும். 2024 டிசம்பர் 24-இல் சைபர்ஹேவன் நிறுவன ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்தார். மறுநாளே, சுமார் 4 லட்சம் பேர் பயன்படுத்திய அதன் குரோம் நீட்சிக்குத் திருட்டு நிரல் தானாக வந்து இறங்கியது.

அது உலாவிக்குள் நடந்த திருட்டு. விண்டோஸ் அனுமதி கேட்கும்போது ‘யெஸ்’ அழுத்தி நிர்வாகி உரிமையைக் கொடுத்துவிட்டால், கணினி முழுவதுமே திருடன் கையில். வைரஸ் தடுப்பைக்கூட அணைத்துவிடுவான்.

அன்றாடப் புழக்கத்துக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு திறங்கள். தேவையற்ற நீட்சிகளை நீக்குங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் வங்கியையும் 997 எண்ணையும் அழையுங்கள்.