நகம் செய்ய லைசென்ஸ் வேண்டுமா? மார்ச் 31 பயமும் 12 மணி நேரச் சான்றிதழும்

இந்த மாதம் ஒரே கேள்வி நான்கு விதமாக வந்திருக்கிறது. "ஏப்ரல் 1க்கு மேல் சர்ட்டிபிகேட் இல்லாதவர்கள் நெயில் வேலை செய்யக் கூடாதாமே, நிஜமா சார்?" என்று மும்பை தாராவியின் 90 அடி சாலையிலிருந்து ஒரு வாசகி. செம்பூரில் எட்டு வருடமாகப் பார்லரில் கை பழகிய இன்னொருவர், "கேம்பில் உட்கார வைக்க இரண்டாயிரம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா அண்ணாச்சி?" என்கிறார். மாட்டுங்காவில் ஒரு தகப்பனார், பி.காம். முடித்த மகள் இதில் இறங்கப் போகிறாள் என்றும், படிப்பில்லாமல் இறங்கினால் கேஸ் வருமா என்றும் கவலைப்பட்டிருக்கிறார். சயான் கோலிவாடாவிலிருந்து வந்த நான்காவது கடிதத்தில் கேள்வியே இல்லை. மார்ச் 31தான் கெடு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை ஒட்டி, கீழே மூன்று கேள்விக்குறி.

முதலில் பதில். கேஸ் வராது. இந்தியாவில் நகம் செய்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடைக்கு விதிகள் உண்டு, கைக்குக் கிடையாது. ஏப்ரல் 1 அன்றும் நீங்கள் ஃபைலைக் கையில் எடுக்கலாம்.

அப்படியானால் மார்ச் 31 என்ன தேதி? அது அரசின் கணக்குப் புத்தகத் தேதி. 'ஸ்கில் இந்தியா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 பிப்ரவரியில் 8,800 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. 2022-23இல் தொடங்கி 2025-26 நிதியாண்டு வரைக்குமான பணம் அது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவின் நான்காம் கட்டமும் அந்தப் பணத்துக்குள்தான் வருகிறது. பணம் முடிகிற தேதியைத் தொழில் முடிகிற தேதி என்று யாரோ எழுதி அனுப்பிவிட்டார்கள். கேம்ப் நடத்துகிறவர்களும் அதை மறுக்க அவசரப்படவில்லை.

ஜெல், அக்ரிலிக், எக்ஸ்டென்ஷன் பற்றியெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. கடிதம் எழுதியவர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். நான் நின்று பார்க்க விரும்புவது வேறொன்று: கேம்பில் கொடுக்கிறார்களே, அந்தச் சான்றிதழ். அது எப்படித் தயாராகிறது?

தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வது

அதற்கு ஆர்.பி.எல். என்று பெயர். அரசுத் தமிழில் முன்கற்றல் அங்கீகாரம். முறைசாரா வழியில் பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிப்பது என்று விளக்கம் தருவார்கள். நம் பேச்சில் சொன்னால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை உங்களுக்குத் தெரியும் என்று டெல்லியிலிருந்து வரும் கடிதம்.

கிண்டலை விட்டுவிட்டுப் பார்த்தால், யோசனை கெட்டிக்காரத்தனமானது. நம் பக்கத்துப் பெண்கள் பலர் இந்தத் தொழிலுக்குள் வந்த விதம் நமக்குத் தெரியும். அக்காவின் பார்லரில் வெந்நீர்த் தட்டு பிடிப்பார்கள், அப்புறம் பாலிஷ் துடைப்பார்கள், ஒரு தீபாவளிக் கூட்டத்தில் ஆள் பற்றாமல் முழுக் கையும் அவர்களிடம் வந்து சேரும். ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் படிப்பு. அதில் சேரப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். எட்டாவதோடு நின்றவளுக்கு அந்தக் கதவு திறக்காது. ஆர்.பி.எல். உங்கள் மார்க் ஷீட்டைக் கேட்பதைவிடக் கையைக் காட்டச் சொல்கிறது. அந்த அளவில் நியாயம்தான்.

கையை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2016இல் தொடங்கிய கௌசல் விகாஸ் யோஜனா இரண்டாம் கட்டத்தில் ஆர்.பி.எல்.லுக்கு இருந்த விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முன் 12 மணி நேர அறிமுகம். அதில் தொழில் சம்பந்தப்பட்டது 6 மணி நேரம். பேச்சு, நடத்தை, சொந்தத் தொழில் தொடங்குவது ஆகியவற்றுக்கு 4. மீதி 2 மணி நேரம் தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்வதற்கு! குறை உள்ளவர்களுக்கு 68 மணி நேரம் வரை கூடுதல் பயிற்சி தரலாம் என்றும் எழுதியிருந்தது. 'தரலாம்' என்பதை 'தர வேண்டும்' என்று படித்துவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: கலிஃபோர்னியாவில் நகத் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டாயம். அதற்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும்.

அடுத்து, பணம் போகிற பாதை. கேம்ப் நடத்தும் நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு. தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கும் தலைக்கு இவ்வளவு. துறைசார் திறன் கவுன்சில் சான்றிதழ் கொடுக்கிறது, அமைச்சகம் அந்த எண்ணிக்கையை மேடையில் வாசிக்கிறது. இரண்டாம் கட்டத்தில் தேறியவருக்கு 500 ரூபாயும் வைத்தார்கள். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பாருங்கள். "இவளுக்கு இன்னும் கை வரவில்லை, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்" என்று சொல்வதால் லாபம் அடையும் ஆள் ஒருவரும் இல்லை. சொன்னால் எல்லாருக்கும் நஷ்டம். அந்தப் பெண்ணுக்கும் அன்றைக்கு நஷ்டம்தான். இப்படிக் கட்டிய தேர்வு 'ஆமாம்' என்று சொல்லவே பழகிவிடும். தேதி நெருங்க நெருங்க அந்த 'ஆமாம்' இன்னும் வேகமாக வரும்.

இது என் சந்தேகம் மட்டுமல்ல. கௌசல் விகாஸ் யோஜனா பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அவர்கள் பார்த்த சுமார் 95.9 லட்சம் பயனாளிப் பதிவுகளில் 90.6 லட்சத்துக்கு மேற்பட்டவற்றில் வங்கிக் கணக்கு எண்ணுக்கான இடம் காலியாகவோ பூஜ்ஜியங்களாகவோ இருந்தது. ஒரே புகைப்படம் பல பேருக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டதையும் எழுதியிருந்தார்கள். ஆதாரோடு இணைந்த கணக்குக்கு நேரடியாகப் பணம் போகும் ஏற்பாடு என்பதால் அந்த எண் கட்டாயமாக இல்லை என்பது அமைச்சகத்தின் பதில். இருக்கட்டும். ஆள் இருந்தாரா, கை பார்க்கப்பட்டதா என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமில்லை.

இங்கிலாந்திலும் பெரும்பகுதியில் நகத் தொழிலுக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் அங்கே சான்றிதழ் இல்லாமல் தொழில் நடத்துவது கஷ்டம். காரணம், இன்ஷூரன்ஸ் கம்பெனி. வாடிக்கையாளரின் விரல் புண்ணானால் பணம் கட்ட வேண்டியவன் அவன். அதனால் யாரிடம் படித்தாய், என்ன படித்தாய் என்று அவன் துருவுகிறான். அந்தக் காகிதத்தை அக்கறையோடு வாசிக்க ஒரு ஆள் இருக்கிறான். இங்கே வாசிக்க ஆள் இல்லாத காகிதத்தை அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

சயானில் நடக்கும் நிஜத் தேர்வு

கடைக்காரர்கள் எதைப் பார்க்கிறார்கள்? சயான் சர்க்கிள் பக்கம் ஒரு சலூனில் ஆள் எடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தாராவியிலிருந்து வந்த பெண் பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்திருந்தாள். மேனேஜர் அதை வாங்கவில்லை. தன் இடது கையை மேஜைமேல் நீட்டி, "டிரையல் தே" என்றார், அவ்வளவுதான்.

பழைய ஜெல்லை அந்தப் பெண் சுரண்டவில்லை, ஊறவைத்து எடுத்தாள். ஒரு மதிப்பெண். நகத்தின் ஓரத்தில் ஃபைலை ரம்பம்போல் இழுக்காமல் ஒரே பக்கமாகத் தேய்த்தாள். இரண்டு. பேஸ் கோட் போடும்போது மோதிர விரலில் கொஞ்சம் வழிந்து தோலில் பட்டது. மேனேஜரின் கண் அங்கேயே நின்றது. அந்தப் பெண் லேம்புக்குள் கையை விடவில்லை. மெல்லிய குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, தோலைச் சுற்றித் துடைத்தாள். பிறகே லேம்ப். "கல் ஸே ஆ ஜா" என்றார் மேனேஜர்; நாளையிலிருந்து வா என்று. பிளாஸ்டிக் ஃபைல் கடைசிவரை திறக்கப்படவே இல்லை.

அந்த ஒரு துடைப்பில்தான் இந்தத் தொழிலின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. ஜெல்லில் இருப்பது மெத்தக்ரிலேட் வகை ரசாயனம். குறிப்பிட்ட ஒளி பட்டால் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகும். இறுகியபின் பெரிதாகத் தொல்லை இல்லை. இறுகாதது தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். அரிப்பு, விரல் நுனியில் வெடிப்பு, சிலருக்கு நகமே கழன்று வரும். இந்த அலர்ஜி வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பல் அடைக்கும் பசையிலும் அதே குடும்பத்து ரசாயனம் இருப்பதால் பல் மருத்துவரிடமும் பிரச்சினை வரலாம். வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வருகிறவர். செய்கிற பெண்ணோ தினமும் தொடுகிறவள். ஆபத்து யாருக்கு அதிகம் என்று பாருங்கள்.

லேம்பிலும் ஒரு சூது இருக்கிறது. ஒரு கம்பெனியின் ஜெல் இன்னொரு கம்பெனியின் லேம்பில் மேலே கல்லாக இறுகி, அடியில் பச்சையாகவே நிற்கலாம். கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஒளியை வாங்கி ஜெல்லை இறுக வைக்கும் பொருட்களில் ஒன்றான டி.பி.ஓ.வை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்திருக்கிறது. அங்கே விற்காத சரக்கு எந்தச் சந்தையைத் தேடி வரும் என்பதை கிராஃபர்ட் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்குமதிப் பாட்டிலில் இந்திய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதி. அது இல்லாத பாட்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வையுங்கள்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

கேம்புக்குப் பணம் கொடுக்கலாமா? கூடாது, அரசுப் பணத்தில் நடக்கும் ஆர்.பி.எல்.லுக்குப் பயனாளி காசு தர வேண்டியதில்லை.

வயது வரம்பு? நான்காம் கட்டத்தில் ஆர்.பி.எல்.லுக்கு 18 முதல் 59 வரை.

தனியார் அகாடமியின் 'இன்டர்நேஷனல் டிப்ளமா'? அரசின் தொழிற்கல்விக் கவுன்சிலான என்.சி.வி.இ.டி.யின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்; 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

பி.எம். விஸ்வகர்மாவில் கடன் கிடைக்குமா? அதன் 18 தொழில்களில் முடிதிருத்துவோர் இருக்கிறார்கள், நகம் செய்வோர் இல்லை.

முத்ரா கடன்? சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல். கடன்தான், மானியம் அல்ல.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு எவ்வளவு? அரசு தளத்தில் இலவசம். காசு கேட்பவர் இடைத்தரகர்.

இரண்டு பேர் வைத்துக் கடை போட்டால்? 2017ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கடைகள் சட்டப்படி இவ்வளவு சிறிய கடைக்கு ஆன்லைனில் தகவல் கொடுத்தால் போதும்.

மாநகராட்சியின் சுகாதார உரிமம் பற்றி எங்கே கேட்பது? சயான், மாட்டுங்கா என்றால் எஃப் நார்த். தாராவி என்றால் ஜி நார்த். செம்பூர் என்றால் எம் வெஸ்ட் வார்டு அலுவலகம்.

ஜி.எஸ்.டி.? ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம்.

ஆப் வழியாக வீடு வீடாகப் போகலாமா? போகலாம், கமிஷனையும் எந்தப் பொருளை யாரிடம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாலில், ஒற்றை அறையில் செய்யலாமா? ஜெல் செய்யலாம்; ஆனால் ஜன்னல் இல்லாத அறையில், குழந்தை தூங்கும்போது அக்ரிலிக் வேண்டாம்.

விரலில் அரிப்பு வந்துவிட்டால்? வேலையை நிறுத்துங்கள், சயான் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மாட்டுங்கா தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. மகளைத் தடுக்காதீர்கள், காகிதத்துக்காக அவசரமும் படுத்தாதீர்கள். இலவசமாகக் கிடைத்தால் ஆர்.பி.எல். சான்றிதழ் வாங்கி வைக்கட்டும். வங்கியில் கடன் கேட்கும்போது கோப்பில் ஒரு தாள் கூடும். அதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவரின் பத்து விரலையும் காசு வாங்காமல் செய்யட்டும். இரண்டு வாரம் கழித்து அதே கையைத் திரும்ப வாங்கிப் பார்க்கட்டும். ஓரம் தூக்கவில்லை, தோல் சிவக்கவில்லை என்றால் டிரையலுக்குக் கிளம்பலாம். மார்ச் 31 ஆனாலும் சரி, ஏப்ரல் 1 ஆனாலும் சரி.