கத்தாழை வாங்கத் தெரியுமா உங்களுக்கு?

கத்தாழை என்றதும் தொட்டியில் வளர்கிற சோற்றுக் கத்தாழையைத் தேடிப் போய்விடாதீர்கள். இது மீன்! தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் கடைகளில், வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவே சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் ஓரமாகக் கிடக்குமே, அதுதான். "சதை ரொம்ப மெத்துனு இருக்கும், வேணாம்" என்று பல பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டில் பல் போன பெரியவரோ, இப்போதுதான் சோறு சாப்பிடப் பழகும் குழந்தையோ, கர்ப்பிணியோ இருந்தால், அந்த மெத்துதான் உங்களுக்கு வேண்டியது. கொழுப்பு குறைவு, புரதம் நிறைய. வெந்ததும் நடுமுள் சுலபமாகக் கழன்றுவிடும்.

இன்னொரு விஷயம். பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று தின்று, உடம்பில் பாதரசம் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம். நம் ஊரிலோ பிள்ளை பெற்றவளுக்கு முதலில் சுறாப் புட்டுதான்! பாட்டியோடு சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் அதே நிர்வாகம் நல்ல மீன் என்று தரும் பட்டியலில், நம் கத்தாழையின் அட்லாண்டிக் கடல் உறவுக்கார மீனும் இருக்கிறது. அடிக்கடி சமைக்க இதுவே மேல்.

சரி, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? பக்கவாட்டில் செவுளிலிருந்து ஒரு கோடு ஓடும். பெரும்பாலான மீன்களில் அது வால் துடுப்பு தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும். கத்தாழையில் துடுப்பின் நுனிவரை போகும். முதுகுத் துடுப்பில் ஆழமான ஒரு வெட்டு இருக்கும். வாயைத் திறந்து பாருங்கள்... முன்னால் நாய்ப்பல் மாதிரி கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் அது பன்னா. அதுவும் இதே குடும்பம்தான். உடம்பில் கறுப்புப் பட்டைகள் இருந்தால் வரிக் கத்தாழை. இந்தக் குடும்பத்தின் பெரிய தலைக்கட்டு கூரல். அதன் வயிற்றிலுள்ள நெட்டி, அதாவது காற்றுப்பை, மீனைவிட விலை அதிகம். 2023-ல் குஜராத் இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்துவிட்டது.

அந்தக் காற்றுப்பையில்தான் வேடிக்கை. அதை ஒட்டிய தசையை அதிரவைத்து, மத்தளம் மாதிரி 'குர்... குர்...' என்று சத்தம் போடும் மீன் இது. மலேசியாவின் கிழக்குக் கரையில், தண்ணீருக்குள் தலையை முக்கி மீன் சத்தம் கேட்டு, எங்கே வலை விடலாம் என்று சொல்வதற்கே ஆட்கள் இருந்தார்கள்!

மணலும் சேறுமான அடித்தரையில் புழுவும் இறாலும் தின்று திரிவதால், கரையோரத்தில் அடிமட்டம்வரை இறக்கும் வலையிலும், இறால் குத்திய தூண்டிலிலும் சிக்கும். கோவளம், நீலாங்கரை ஃபைபர் படகுகள் விடியுமுன் போய்க் காலையிலேயே திரும்பிவிடும். விசைப்படகுகளோ நாள் கணக்கில் கடலில் தங்கி, ஐஸில் வைத்துக் கொண்டுவரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. அந்த நாட்களில் தாம்பரத்தில் "இன்னிக்குப் புடிச்சது" என்று யாராவது சொன்னால், "எந்தக் கரைங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கே ஒரு நடை போய் வரலாம்.

கத்தாழை சீக்கிரம் கெடும். செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி மேலெழும்ப வேண்டும். வயிறு வெடித்திருந்தால் தொடவே தொடாதீர்கள். மெத்தென்ற மீன் வேறு, கொழகொழத்த மீன் வேறு! வெயிலில் வண்டியில் தொங்கவிட்டு வராமல், கடைக்காரரிடமே ஐஸ் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழம்பு நன்றாகக் கொதித்தபிறகு கடைசியில் மீனைப் போடுங்கள். அப்புறம் கரண்டி வேண்டாம், சட்டியைத் தூக்கி ஆட்டினால் போதும். தலையைக் குழந்தைக்குக் கொடுக்கிறீர்களா? உள்ளே வெள்ளையாக இரண்டு கல் இருக்கும். காதுக்கல் என்பார்கள், மற்ற மீன்களைவிட இதற்குப் பெரிது. முதலில் அதை எடுத்துவிடுங்கள், பல் போய்விடும். கத்தாழைக் கருவாடு மட்டும் பி.பி. உள்ளவர்களுக்கு வேண்டாம், அத்தனையும் உப்பு.