கூப்பர் நதிக்கரையில் ஆரைக்கீரை!

சமீபத்தில் ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 63. பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு என்று மாத்திரைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"டாக்டர், பையன் அடிலெய்டுல இருக்கான். ஜூலையில சிநேகிதங்களோட ரெண்டு ஜீப்புல கூப்பர் ஆத்தங்கரைக்குப் போறாங்களாம். அஞ்சு நாள் கூடாரம் அடிச்சுத் தங்கணுமாம். என்னையும் கூப்பிடறான். போகலாமா?"

"தாராளமா போங்க சார். ஆனா ஆத்தங்கரையில முளைச்சது எதையும் பிடுங்கி வாயில போட்டுடாதீங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கூப்பர் நதி ஆஸ்திரேலியாவின் நட்டநடு வறட்சிக்குள் ஓடுவது. அடிலெய்டிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தாண்டி இன்னமின்கா என்ற குட்டி ஊரை ஒட்டிப் போகிறது. கடலைப் பார்க்காத நதி. பெருவெள்ளம் வந்தால் மட்டும் ஏர் ஏரியை எட்டும். மற்ற நாட்களில் அங்கங்கே ஆழமான மடுக்களாகத் தேங்கி நிற்கும். அந்தக் கரையில் நம்ம ஊர் ஆரைக்கீரையின் ஒன்றுவிட்ட தங்கை வளர்கிறாள். பெயர் நார்டூ. அதே நாலு இலை, அதே சேற்று மண். தாகத்துக்கும், அடிக்கடி சிறுநீர் போவதற்கும் ஆரைக்கீரையைச் சமைத்துச் சாப்பிடச் சொல்வது எங்கள் வைத்திய வழக்கம். அங்கேயோ இலையை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் கெட்டியான வித்துக்கூட்டை உணவாக்கினார்கள்.

1860-ல் பர்க், வில்ஸ் என்ற இருவர் தலைமையில் ஒரு குழு மெல்போர்னிலிருந்து புறப்பட்டு கண்டத்தின் வடகோடி வரை போனது. 1861 ஏப்ரல் 21-ம் தேதி மாலை, மூன்று பேர் மட்டும் எலும்பும் தோலுமாகக் கூப்பர் முகாமுக்குத் திரும்பினார்கள். காத்திருந்த கூட்டாளிகள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள்! கொஞ்சம் உணவை மரத்தடியில் புதைத்துவிட்டு, 'தோண்டு' என்று மரத்தில் செதுக்கியிருந்தார்கள். அது தீர்ந்ததும் இவர்களுக்கு நார்டூதான் கதி. இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டுத் தின்றார்கள். வயிறு நிறைந்தது. ஆனால் கால்கள் தளர்ந்தன, எழுந்து நடக்க முடியவில்லை. ஜூன் கடைசி வாக்கில் பர்க்கும் வில்ஸும் இறந்து போனார்கள்.

பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லும் காரணம் இது: நார்டூவில் பி1 வைட்டமினை அழிக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அதனால் பெரிபெரி வந்திருக்கலாம். அந்த மண்ணின் யாண்ட்ருவாண்டா மக்கள் அதே நார்டூவை நிறைய தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்கிச் சாப்பிட்டார்கள். கூடவே மீனும் உண்டு. மூன்றாமவரான கிங் அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தார். செப்டம்பரில் தேடி வந்தவர்கள் அவரை உயிரோடு கண்டார்கள். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் நாங்கள் மருந்தில் சேர்ப்போமா? அதே கதைதான்.

சரி, ஜீப்புக்கு வருவோம். மணலில் ஓட்டும்போது டயர் காற்றைக் குறைப்பார்கள், திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றுவார்கள். அதெல்லாம் பையன் பாடு. உங்கள் பாடு தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று கணக்கு வைத்து எடுத்துப் போங்கள். மடுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிடாமல் குடிக்கக் கூடாது. மழை பெய்தால் மண் பாதையை மூடிவிடுவார்கள். ஆகவே அஞ்சு நாள் பயணத்துக்குப் பத்து நாள் மாத்திரை! வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்காதீர்கள். வண்டி நிழலிலேயே இருங்கள். தேடுகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது வண்டிதான். பல இடங்களில் செல்போன் எடுக்காது. சாட்டிலைட் போன் இருக்கிறதா என்று பையனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை அங்கே குளிர்காலம். பகல் இதமாக இருக்கும், ராத்திரி நடுங்க வைக்கும். சர்க்கரைக்காரர்கள் மரத்துப்போன பாதத்தை நெருப்பருகே நீட்டி உட்காராதீர்கள். சுட்டாலும் தெரியாது. கூடாரத்தைப் பெரிய யூக்கலிப்டஸ் மரத்தடியில் போடாதீர்கள். காற்றே இல்லாமலும் கிளை முறிந்து விழும்.

பாம்பு? அங்கே உண்டு. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கழுவுவது எதுவும் வேண்டாம். என்னைப் போன்ற வைத்தியனின் பச்சிலையும் வேண்டாம். கை, கால் முழுவதும் அகலமான எலாஸ்டிக் துணியை இறுக்கிச் சுற்றி, கட்டை வைத்துக் கட்டி, ஆளை அசையாமல் படுக்க வைத்து உதவி கேட்பதுதான் அந்த நாட்டு முறை. 1928-லிருந்து விமானத்திலேயே டாக்டர்கள் பறந்து வரும் ஊர் அது.

"சுக்குப் பொடி, திரிபலா கொண்டு போகலாமா?" என்றார் பெரியவர். கொண்டு போகலாம், ஆனால் விமான நிலையத்தில் படிவத்தில் மறைக்காமல் எழுதிக் காட்ட வேண்டும். அனுமதிப்பது அவர்கள் இஷ்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டு என் சூரணத்தை நம்பிப் போக வேண்டாம் என்றும் சொன்னேன்.

கிளம்பும்போது, "நார்டூவைப் பார்த்தா உங்களுக்கு ஒரு கொத்து கொண்டு வரேன் டாக்டர்" என்றார்.

"கொத்து வேண்டாம் சார். போட்டோ போதும்!"