கணக்குக் காட்டாத கை

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவர் முன் நாம் நின்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் பொறித்த சாஸனங்கள் அங்கே உள்ளன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்கு உரியவராகார் என்பது அவற்றுள் ஒரு விதி.

அதைப் படித்ததும் சென்ற நூற்றாண்டுத் தகராறு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தியச் சேனையின் செலவையும் தளவாடங்களையும் மேற்பார்த்து, பிரதம சேனாதிபதியின் யோசனைகளைப் பரிசீலித்து வைஸ்ராய்க்கு அபிப்பிராயம் சொல்ல, அவர் நிர்வாக சபையில் 'மிலிடரி மெம்பர்' என்றோர் அதிகாரி இருந்தார். 1902-ல் சேனாதிபதியாக வந்த கிச்சனர் பிரபு, தமக்குத் தாழ்ந்த பட்டாள அதிகாரி தம்மைத் தணிக்கை செய்வதைப் பொறுக்கவில்லை. வைஸ்ராய் கர்ஸன் பிரபு எதிர்த்தார். லண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. 1905-ல் கர்ஸன் ராஜிநாமாச் செய்தார். மிஞ்சிய ராணுவ ஸப்ளை இலாகாவும் 1909-ல் எடுபட்டது.

பலன் என்ன? மெஸபடோமியா யுத்தத்தில் காயமுற்ற நம் சிப்பாய்களுக்கு மருந்தும் படகும் போதவில்லை. இரு பொறுப்பையும் ஒருவர் தலையில் ஏற்றியதை 1917-ல் விசாரணைக் கமிஷன் கண்டித்தது.

வரி கொடுத்த குடியானவனை மட்டும் எவரும் கேட்கவில்லை. நேயர்களே, இன்று சேனையின் பணத்தை நம் பாராளுமன்றம் அனுமதிக்கிறது. கணக்குக் கேட்கும் வழக்கமோ, உத்தரமேரூர்க் கல்லில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.